ராடாரும் தனியார் சேவையும் ஒரே அலைக்கற்றையில்: கேள்வி பதில்

அமெரிக்காவில் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை கடற்படை ராடார்களும் தனியார் கம்பியில்லாச் சேவைகளும் சேர்ந்து இயங்குகின்றன. இதுபற்றி வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: ராடார் மெகாவாட் கணக்கில் ஆற்றலை வீசுகிறது. தனியார் சேவையின் ஒரு வாட் அலைபரப்பிப் பெட்டிக்கு அது ஏன் அஞ்ச வேண்டும்?

வீசுவதில் ராடாருக்குக் குறையில்லை, கேட்பதில்தான் சிக்கல். ராடார் வீசும் அலைத் துடிப்பு இலக்கைச் சேர்வதற்குள் பரவி மெலிந்துவிடும். அங்கே பட்டுச் சிதறித் திரும்பும்போது மறுபடியும் மெலியும். தொலைவு இரட்டித்தால் எதிரொலி பதினாறில் ஒரு பங்காகிவிடும். பெட்டியின் அலைக்கோ ஒருவழிப் பயணம்தான். திறந்த வெளியில் அது நான்கில் ஒரு பங்காக மட்டுமே குறையும். தொலைதூர விமானத்தின் எதிரொலிக்கு முன்னால் கரையோரத்து ஒரு வாட் பெரும் கூச்சல்.

கேள்வி: கரையோரத்தை முழுவதும் விலக்கி வைத்தால் போயிற்றே?

2010இல் அப்படித்தான் யோசித்தார்கள். வரைந்த விலக்கு மண்டலங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் நீண்டன. பெருநகரங்கள் பலவும் அதற்குள் அடங்கிவிட்டால் அந்த உரிமத்தை யார் வாங்குவார்? 2015 விதிகள் மூன்று அடுக்குகளை வகுத்தன: முதலிடம் கடற்படை முதலிய பழைய பயனாளர்களுக்கு; அடுத்தது ஏலத்தில் உரிமம் எடுத்தவர்களுக்கு; மிச்சம் இருப்பது எல்லோருக்கும். 2020 ஏலத்தில் 70 மெகாஹெர்ட்ஸ் 450 கோடி டாலருக்கு மேல் போனது.

கேள்வி: கப்பல் வருவதைக் கடற்படை முன்கூட்டியே சொல்லுமா?

எந்தக் கடற்படை சொல்லும்? கரையோர உணரிகள்தான் ஒட்டுக்கேட்கின்றன. ராடார் துடிப்பு கேட்டதும், யாருக்கு எந்த அலைவரிசை என்று பங்கிடும் மையக் கணினிக்குத் தகவல் போகும். 300 விநாடிகளுக்குள் அப்பகுதிக் கருவிகள் வேறு அலைவரிசைக்கு மாற வேண்டும், இல்லையேல் நிற்க வேண்டும். கப்பலின் நடமாட்டத்தை உணரிகள் பதிவுசெய்து வைக்கக் கூடாது என்பதும் விதி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உணரிக்குக் காது கேட்க வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள கருவிகளும் அடக்கி வாசிக்க வேண்டும். விலக்கு மண்டலத்தை ஒழிக்க வந்த கருவி, தனக்கென்று ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டது!

கேள்வி: என் வைஃபை திடீரென்று சானல் மாறுகிறதே, அதுவும் இதனால்தானா?

அது 5 கிகாஹெர்ட்ஸில் வைஃபையும் ராடாரும் பங்கிட்டுக்கொள்ளும் பழைய ஏற்பாடாக இருக்கலாம். 2003 உலக வானொலி மாநாட்டில் முடிவானது. அங்கே மையக் கணினி கிடையாது. ரவுட்டரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ராடார் இருப்பதாகத் தோன்றினால் 10 விநாடிகளில் விலகி, 30 நிமிடம் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. சில நேரம் இல்லாத ராடாருக்கும் அஞ்சி ஓடும்.

கருவியின் நேர்மையை நம்பிய திட்டம் இது. புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய வானிலை ராடார் திரையில் குறுக்கீட்டுக் கோடுகள் விழுந்தன. வெளிப்புறத்தில் நிறுவிய 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகளே காரணம். ஆகவே கடற்படை ராடார்கள் இயங்கும் 3.5 கிகாஹெர்ட்ஸில் (முதலில் சொன்ன 3550–3700 மெகாஹெர்ட்ஸ்) மேற்பார்வையை மையக் கணினியிடம் ஒப்படைத்தது சரியான முடிவு என்பேன்.

கேள்வி: ராடாரையே வேறிடத்துக்கு மாற்றிவிடலாமே?

அலைவரிசை மாறினால் அண்டெனாவின் அளவு, மழையில் அலை படும் பாடு எல்லாமே மாறும். போகும் இடமும் காலியாக இருக்காது.