நூறு தொகுதி தாண்டிய ஒன் பீஸ் மாங்காவை (ஜப்பானியக் காமிக்ஸ்) இப்போது தொடங்கலாமா?

'1997-இல் ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை, இதையெல்லாம் யார் படிப்பது?' என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். சண்டைக்காகப் படிப்பதென்றால் வேண்டாம். அதற்குச் சின்னத் தொடர்கள் எத்தனையோ உண்டு. ஒன் பீஸின் ருசி, இதை எழுதி வரையும் எய்ச்சிரோ ஓடா முன்பே விதைத்துவிட்டுப் பிறகு அறுவடை செய்வதில் இருக்கிறது.

ஒரு உதாரணம் (கதை தெரிய வேண்டாம் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்). 12-ஆவது தொகுதியில் லபூன் என்ற திமிங்கிலம் வரும். திரும்பி வருவோம் என்று சொல்லிப் போன கடற்கொள்ளையர்களுக்காக 50 வருடமாகக் காத்திருக்கிறது. மலைச்சுவரில் முட்டி முட்டித் தலையெல்லாம் தழும்பு. கடற்கொள்ளைக்காரனான கதாநாயகன் லூஃபி அதன் தலையில் தன் கொடிச் சின்னத்தைக் கோணல்மாணலாக வரைந்து, 'நான் வரும்வரை இது அழியக் கூடாது, முட்டாதே' என்கிறான். சரி, ஒரு கிளைக்கதை என்று மறந்துவிடுவோம். 46-ஆவது தொகுதியில் புரூக் என்றொரு எலும்புக்கூடு வருகிறது, தலையில் பெரிய சுருட்டை முடியோடு. சிரிப்புக்கு வைத்த முடி என்றுதான் நினைத்தேன். திரும்பி வருவோம் என்று சொல்லிப் போனவர்களில் ஒருவன்தான் புரூக்; லபூன் தன்னை அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமே என்று அவன் காப்பாற்றி வைத்திருக்கும் முடி அது! இந்த அடி விழ, நடுவில் அத்தனை தொகுதிகள் வேண்டியிருக்கிறது.

இழுவையும் உண்டு. டிரெஸ்ரோசா பகுதி கிட்டத்தட்ட நூறு அத்தியாயம்; எனக்கே பாதியில் பொறுமை போனது. அனிமே (இதன் கார்ட்டூன் வடிவம்) இன்னும் மெதுவாக நகரும், அதனால் மாங்காவே மேல். முதல் 12 தொகுதி படித்துப் பாருங்கள். அதற்குள் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம்.