லைஃப்டைம் லைசென்ஸ் என்று வாங்கிய டிரேடிங் சாஃப்ட்வேர் ஃபார்மட் செய்ததும் நின்றுவிட்டது. பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

கேள்வியின் சுருக்கம்: வியாசர்பாடியில் இருக்கிறேன். பங்கை எப்போது வாங்கலாம், விற்கலாம் என்று பை-செல் சிக்னல் தரும் சாஃப்ட்வேரை 'லைஃப்டைம் லைசென்ஸ்' என்று சொன்னதால் ஜிஎஸ்டி சேர்த்து 35,000 ரூபாய்க்கு வாங்கினேன். நாலு மாதத்தில் லேப்டாப்பை ஃபார்மட் செய்ததும் சாஃப்ட்வேரைத் திறக்கும் லைசென்ஸ் கீ வேலை செய்யவில்லை. புது கீக்கு 12,000 கேட்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால் 'நோ ரீஃபண்ட் பாலிசி' என்கிறார்கள். வழி உண்டா?

பதில்:

உண்டு. ஆனால் எதைக் காரணமாகச் சொல்லிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'சிக்னல் தப்பாக வந்தது, நஷ்டமாகிவிட்டது' என்று ஒரு வரி எழுதினாலே விற்றவர் பாதி ஜெயித்துவிடுவார். 'சந்தை ரிஸ்க் எனக்குத் தெரியும்' என்று வாங்கும்போதே டிக் போட வைத்திருப்பார்கள். புகாரில் லாப நஷ்டக் கணக்கு வரவே கூடாது. இன்ன பொருளுக்குப் பணம் கொடுத்தேன், அது தரப்படவில்லை, அல்லது கொடுத்துவிட்டுப் பறித்துக்கொண்டார்கள். உங்கள் வழக்கு இவ்வளவுதான்.

கீ ஏன் செத்தது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். இந்த மாதிரி சாஃப்ட்வேர்கள் ஹார்ட் டிஸ்க்கின் வால்யூம் சீரியல், நெட்வொர்க் கார்டின் மேக் அட்ரஸ், மதர்போர்டு எண் ஆகியவற்றில் சிலவற்றைக் கலந்து ஒரு மெஷின் ஐடி உண்டாக்கி, கீயை அதோடு பூட்டிவிடுகின்றன. டிரைவை ஃபார்மட் செய்தால் வால்யூம் சீரியல் மாறும். எஸ்எஸ்டி மாற்றினாலும் அதேதான். வாடகைக்கு எடுக்கும் ஆன்லைன் கம்ப்யூட்டரான விபிஎஸ்ஸைப் புதிதாக அமைத்தால் கிட்டத்தட்ட எல்லா எண்ணும் மாறும். அதே லேப்டாப், அதே ஆள் என்றாலும் அவர்கள் சர்வருக்கு நீங்கள் புது மெஷின். பழைய ஐடியை அழித்துப் புதியதை ஏற்றுவது அவர்களுக்கு ஒரு நிமிட வேலை. அதற்கு 12,000 என்பது வேலைக்கான கூலி இல்லை.

விற்பவருக்கும் ஒரு நியாயமான பயம் உண்டு. ஒரே கீயைப் பத்துப் பேர் பங்கு போட்டுக்கொள்வது இங்கே சகஜம். அதனால் மெஷின் மாறவில்லை என்பதற்கு ஆதாரம் கொடுங்கள்: லேப்டாப் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணின் போட்டோ, அது அச்சிடப்பட்ட வாங்கிய பில், ஃபார்மட் செய்த கடையின் சர்வீஸ் பில். கடைக்காரர் பில் தரவில்லை என்றால் இப்போதாவது தேதியும் சீரியல் எண்ணும் போட்டு ஒன்று எழுதி வாங்குங்கள்.

அடுத்த கேள்வி: எத்தனை முறை ஆக்டிவேட் செய்யலாம் என்பதை எப்போது சொன்னார்கள்? மெட்டாடிரேடர் என்ற டிரேடிங் தளத்துக்கான புரோகிராம்கள் விற்கும் எம்க்யூஎல்5 மார்க்கெட் என்ற ஆன்லைன் கடையில் ஒரு பொருளுக்குக் குறைந்தது 5 ஆக்டிவேஷன் உண்டு என்பது வாங்கும் முன்பே தெரியும். உங்கள் இன்வாய்ஸிலோ, விற்பனைப் பக்கத்திலோ, பணம் கட்டும் முன் காட்டிய நிபந்தனையிலோ 'ஒரு மெஷின், ஒரு முறை மட்டும்' என்று இருந்ததா? இருந்தால் ரீஃபண்ட் கடினம், புது கீக்கான கட்டணத்தைக் குறைக்கப் பேசலாம். பணம் கட்டிய பிறகு இன்ஸ்டால் ஆகும்போதுதான் அந்த வரி வந்தது என்றால், அதுவே உங்கள் முதல் ஆதாரம்.

இன்னொன்றையும் இப்போதே பாருங்கள், இது நிறையப் பேருக்கு அதிர்ச்சி கொடுக்கும். 'எங்கள் சொந்த சாஃப்ட்வேர்' என்று விற்கப்படுவதில் பல, அமிபுரோக்கர் என்ற வேறொரு நிறுவனத்தின் சார்ட் சாஃப்ட்வேர் மேல், சிக்னல் கணக்கு எழுதிய ஒரு ஏஎஃப்எல் ஃபைலைப் போட்டுக் கொடுப்பதுதான். தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்க வைக்கும் எனிடெஸ்க்கில் வந்து அவர்களே இன்ஸ்டால் செய்துவிட்டுப் போவார்கள். ஹெல்ப் மெனுவில் அபவுட் பெட்டியைத் திறந்தால் யார் பெயரில் பதிவானது என்று தெரியும். உங்கள் பெயர் இல்லாமல் வேறு ஏதோ பெயர் இருந்தால் அது கிராக் செய்த பிரதியாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு அன்றே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். தெரிந்தே கள்ளப் பிரதியைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் (காப்பிரைட் ஆக்ட்) 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் கொடுத்தார் என்பது மட்டும் நிலைக்குமானால் இதைவிடப் பலமான ரீஃபண்ட் காரணம் கிடையாது. தெரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பலம் போய்விடும். எனிடெஸ்க்கில் அவர்கள் வைத்துவிட்டுப் போன நிரந்தர பாஸ்வேர்டையும் எடுத்துவிடுங்கள்.

டிரேடிங்வியூ என்ற சார்ட் இணையதளத்தில், எழுதியவர் அனுமதித்தவர்கள் மட்டும் பார்க்கும் 'இன்வைட் ஒன்லி' ஸ்கிரிப்ட் வாங்கியவர்கள் நிலைமை வேறு. அங்கே கீயும் இல்லை, ஃபைலும் இல்லை. எழுதியவர் உங்கள் யூசர்நேமைப் பட்டியலில் சேர்க்கிறார், நினைத்தால் எடுத்துவிடுகிறார். உங்களுக்கும் அவருக்கும் இடையிலான பணத்துக்கு டிரேடிங்வியூ பொறுப்பேற்காது. அனுமதி எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று வாட்ஸாப்பிலாவது எழுத்தில் இல்லாமல் பணம் போடாதீர்கள்.

இனி காகிதம். டெலிகிராமில் விற்றவர் இரண்டு பக்கமும் மெசேஜை அழிக்க முடியும், அதனால் புகார் சொல்வதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்: விற்பனைப் பக்கம் முகவரி தெரிய, 'லைஃப்டைம்' என்று சொன்ன சாட், இன்வாய்ஸ், யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், கீ ஏற்காத பிழைச் செய்தி. வாட்ஸாப்பில் எக்ஸ்போர்ட் சாட் போட்டு உங்கள் மெயிலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்த போனை விற்றுவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவின்படி சான்று இணைத்துவிட்டால் பின்னால் ஆட்சேபணைக்கு இடம் குறையும்.

இன்வாய்ஸில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் தட்டிப் பாருங்கள். வேறு பெயர் வந்தாலோ, ரத்தான எண் என்று வந்தாலோ கதையே மாறிவிடுகிறது. இன்வாய்ஸே தரவில்லை, யாரோ ஒருவரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் போட்டீர்கள் என்றால், பில் தராததே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை.

அதே சட்டத்தின் 2(47) பிரிவில் ஒரு வரி உங்களுக்கு நேராகப் பொருந்தும். குறைபாடுள்ள சேவைக்குப் பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைதான். 'நோ ரீஃபண்ட்' என்று போர்டு மாட்டிவிட்டதாலேயே குறைபாடுள்ள சேவைக்கான பொறுப்பு தீர்ந்துவிடாது. மனம் மாறித் திருப்பிக் கேட்பவருக்கு எதிராக மட்டும் அந்த 'நோ ரீஃபண்ட்' வாசகம் செல்லும். அந்த வேறுபாட்டை விற்றவருக்கு அனுப்பும் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். தேதி, தொகை, இன்வாய்ஸ் எண், லைஃப்டைம் என்று சொன்ன இடம், நின்ற தேதி. பிறகு: '15 நாளுக்குள் கூடுதல் கட்டணமின்றி லைசென்ஸை மீட்டுத் தரவும், இயலாவிட்டால் 35,000 ரூபாயைத் திருப்பித் தரவும்.' இந்த இரண்டில் ஒன்று என்ற அமைப்பு முக்கியம். நேரே ரீஃபண்ட் மட்டும் கேட்டால், 'நாங்கள் சரிசெய்யத் தயாராக இருந்தோம், வாய்ப்பே தரவில்லை' என்பார்கள். மெயிலிலும் தபாலிலும் அனுப்புங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பழைய பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, ஆகவே கவுண்டரில் ஸ்பீடு போஸ்ட் வித் ரெஜிஸ்ட்ரேஷன் என்று கேளுங்கள். பாரிமுனை பக்கம் போகிறவர்களுக்கு ராஜாஜி சாலை தலைமைத் தபால் நிலையம் (ஜிபிஓ) வசதி. ரசீதைத் தொலைக்காதீர்கள்.

கார்டில் கட்டியிருந்தால், வங்கி மூலம் பணத்தைத் திருப்பிக் கேட்கும் சார்ஜ்பேக் உண்டு. பொதுவாக 120 நாள் கணக்கு. நாலு மாதம் என்கிறீர்கள், அதனால் இன்றே வங்கிக்கு எழுதுங்கள், கடிதத்தின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். இதில் எல்லோரும் சறுக்கும் இடம், டிஸ்ப்யூட் ஃபார்மில் 'பொருள் கிடைக்கவில்லை' என்று டிக் போடுவது. விற்றவர் டவுன்லோடு நேரம், ஐபி முகவரி, ஆக்டிவேஷன் லாக் மூன்றையும் காட்டினால் ஒரே நாளில் தோற்பீர்கள். சரியான காரணம் 'சொன்னபடி இல்லை' என்பது. யுபிஐயில் தனிநபர் எண்ணுக்குப் போட்ட பணத்துக்கு இந்த வசதி நடைமுறையில் இல்லை. நிறுவனத்தின் வணிகக் கணக்குக்குப் போட்டிருந்தால் யுபிஐ ஆப்பிலோ வங்கியிலோ புகார் கொடுத்துப் பார்க்கலாம்.

மாதச் சந்தா என்றால் விற்றவரிடம் கெஞ்ச வேண்டாம், தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த கார்டு அல்லது யுபிஐ ஆட்டோபே மேண்டேட்டை நீங்களே ரத்து செய்யுங்கள். தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். விற்றவர் ஐஎன்ஹெச் என்று தொடங்கும் ரிசர்ச் அனலிஸ்ட் பதிவு எண் வைத்திருந்தால் போகலாம். செபியின் புகார் தளமான ஸ்கோர்ஸில் போட்டால் 21 நாளுக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும், இடையில் நிறுத்தினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைத் திருப்பவும் வேண்டும். பதிவே இல்லாதவர் மீது ஸ்கோர்ஸ் பணம் வாங்கித் தராது. ஆனால் எப்படிக் கணக்கிடுகிறது என்று காட்டாத அல்காரிதத்தை விற்பவர் ரிசர்ச் அனலிஸ்டாகப் பதிய வேண்டும் என்று செபியின் 2025 பிப்ரவரி 4 சுற்றறிக்கை சொல்கிறது. தானாக ஆர்டர் போடும் சாஃப்ட்வேர் என்றால் இதையும் கடிதத்தில் ஒரு வரி கேளுங்கள். பதில் வருகிற வேகமே மாறும்.

வெளிநாட்டு நாணயத்தில் தானாக டிரேட் செய்யும் ஃபாரெக்ஸ் ரோபோ வாங்கியவர்கள் நிதானிக்கவும். ரிசர்வ் வங்கி அனுமதிக்காத தளத்தில் ஓட்டுவதற்காக வாங்கியது என்றால், புகாரில் அதைச் சொல்வதே ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்ட மீறலை நீங்களே எழுதிக் கொடுப்பதாகும். வக்கீலைப் பார்த்துவிட்டு நகருங்கள்.

15 நாளில் எதுவும் நடக்கவில்லை என்றால் 1915க்கு அழையுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். பெயருள்ள நிறுவனம் என்றால் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவதுண்டு. வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட 34ஆம் பிரிவு வழி தருகிறது. இன்வாய்ஸ் அடியில் 'மும்பை நீதிமன்ற வரம்புக்கு உட்பட்டது' என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வியாசர்பாடிக்குச் சென்னை வடக்கு ஆணையம். திருவொற்றியூர், மாதவரம்காரர்கள் மட்டும் எந்த ஆணையம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாலுகாக்கள் 2018ல்தான் திருவள்ளூரிலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தன. 5 லட்சம் வரை கொடுத்த தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். காலக்கெடு 2 ஆண்டு.

இங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. 'வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல' என்று எதிர்த்தரப்பு முதல் வாதமாகவே வைக்கும். பங்கு வர்த்தகம் தொடர்பான பல புகார்கள் இந்த ஒரு காரணத்தால் தள்ளுபடியாகியிருக்கின்றன. ஸ்ரீகாந்த் மந்திரி - பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் 2022ல் உச்ச நீதிமன்றம், தொழிலைப் பெருக்க ஓவர்டிராஃப்ட் வாங்கிய பங்குத் தரகரை நுகர்வோர் அல்ல என்றது. ஆனால் சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் வாங்கியவருக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. முழுநேரமும் இதையே செய்கிறீர்கள், ஆள் வைத்து நடத்தவில்லை, பிறர் பணத்தைக் கையாளவில்லை என்றால் மனுவின் முதல் பக்கத்திலேயே அதை எழுதுங்கள், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே சேமிப்பை வைத்து டிரேட் செய்கிறவர் பொய்யாகப் பிழைப்பு என்று எழுதக் கூடாது. சம்பளச் சீட்டு ஒன்று போதும் கவிழ்க்க. அவர் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய தனிநபர் என்று வாதாடலாம், வெற்றி உறுதியில்லை. கடையின் ஜிஎஸ்டி எண்ணில் பில் வாங்கி இன்புட் கிரெடிட் (கட்டிய வரியைத் தன் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) எடுத்தவர் இந்த வழியையே மறந்துவிட்டுச் சிவில் வழக்கு பற்றி யோசிப்பது மேல்.

பொய் ஆவணம் காட்டி ஏமாற்றினார், பணம் வாங்கியதும் நம்பரை மாற்றிக்கொண்டு மறைந்துவிட்டார் என்றால் அது வேறு விஷயம். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. நீங்கள் சொல்வது போல் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் விற்பனையாளர் மீது போலீசுக்குப் போனால் 'சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம்.

சமரசத்துக்கு வந்தால் பெரும்பாலும் 'ஜிஎஸ்டி அரசுக்குக் கட்டிவிட்டோம், அது போக மீதி தருகிறோம்' என்பார்கள். வரி சேர்ந்த 35,000இல் 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 5,339 ரூபாய், விட்டுக்கொடுக்கிற தொகை இல்லை. அவர் பில்லை ரத்து செய்யும் கிரெடிட் நோட் போட்டு அந்த வரியைத் தன் கணக்கில் குறைத்துக்கொள்ளலாம், நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 வரை நேரம் உண்டு. கிரெடிட் நோட்டின் நகலைக் கேளுங்கள். 'முழுத் தீர்வு' கடிதத்தில் கையெழுத்துப் போடுவது பணம் கணக்கில் ஏறிய பிறகுதான், அதுவரை புகாரை வாபஸ் வாங்காதீர்கள். பணம் வந்ததும் சாஃப்ட்வேரை நீக்கி அதன் ஸ்கிரீன்ஷாட்டை அவருக்கு அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ரீஃபண்டும் வாங்கிக்கொண்டு பயன்படுத்துகிறார் என்று அவர் பக்கம் ஒரு புகார் கிளம்பும்.