பாறை ஏறுவதில் எதிக்ஸ், ஸ்டைல்: இரண்டும் ஒன்றா?

இல்லை. எதிக்ஸ் என்பது பாறையை நாம் நடத்தும் விதம். ஸ்டைல் என்பது நாம் ஏறிய விதம். நூலகப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பது உங்கள் இஷ்டம். பேனாவால் கோடு போட்டால் அடுத்து எடுப்பவருக்கு நஷ்டம்.

ஜெர்மனியில் டிரெஸ்டன் பக்கம், எல்பே ஆற்றோர மணற்கல் பாறைகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மணற்கல் மென்மையானது, நனைந்தால் இன்னும் பலவீனமாகிவிடும். அதனால் மழைக்குப்பின் பாறை காயும்வரை ஏறக்கூடாது. விழுந்தால் தாங்குவதற்காகப் பாறை இடுக்கில் உலோகக் கருவி செருகக்கூடாது. கயிற்றுத் துண்டில் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சைத்தான் இடுக்கில் இறுக்குவார்கள். வியர்வைக்குக் கையில் பூசும் வெள்ளைப் பொடிகூடக் கிடையாது. அங்கே 1913லேயே ஏறுவதற்கு விதிகளை எழுதி வைத்துவிட்டார்கள். எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு.

சரி, ஸ்டைல்? முன்பின் அறியாத வழியில் முதல் முயற்சியிலேயே விழாமல் ஏறினால் 'ஆன்சைட்'. பலமுறை பழகி, அப்புறம் விழாமல் ஏறினால் 'ரெட்பாயின்ட்'. எப்படி ஏறினோமோ அதை உள்ளபடி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டைலில் இன்னொரு சொல்லும் குழப்பும். 'ஃப்ரீ கிளைம்பிங்' என்றால் கயிறே இல்லாமல் ஏறுவது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் கயிறு உண்டு, விழுந்தால் தாங்குவதற்கு மட்டும், பிடித்து ஏறுவதற்கு அல்ல.