நிதி நெருக்கடியில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகம், மாணவர் சேராத துறைகளை மூடினால் என்ன தவறு?

"அமெரிக்காவிலேயே மூடுகிறார்கள், நாம் மட்டும் ஏன் நாலு பிள்ளைகளுக்காக ஒரு துறையை மக்கள் வரிப்பணத்தில் கட்டி அழ வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட தோரணையைப் பார்த்தால் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று அலைந்துகொண்டிருக்கும் பெற்றோராக இருப்பீர்கள், இல்லையென்றால் மாதாமாதம் வரிப் பிடித்தத்தைப் பார்த்து வெறுத்துப்போன சம்பளக்காரராக இருப்பீர்கள். யாராக இருந்தாலும் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு துறைக்கு மாணவர் வராமல் போவது எப்படி என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் மூடப்பட்ட புவியியல் துறையில்தான் எம்.எஸ்ஸி. படித்தேன், அங்கேயே பிஎச்.டி. முடித்தேன், கடைசிவரை கெஸ்ட் லெக்சரராகவும் இருந்தேன். "வேலை போன வயிற்றெரிச்சல்" என்று யாராவது எழுதுவீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்குப் பாடம் எடுத்தவர்கள் இன்னும் பென்ஷனுக்காக அந்த நிர்வாகக் கட்டட வாசலில் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

நான் சேர்ந்தபோது ஆறு நிரந்தர ஆசிரியர்கள். ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். மேடை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் குறைவில்லாமல் நடக்கும். அடுத்த ஜூனில் அவருடைய பாடத்தை மற்றவர்கள் பங்குபோட்டு எடுப்போம். "நிதித் துறை ஒப்புதல் வந்ததும் நிரப்புவோம்" என்பார்கள். செயற்கைக்கோள் படங்களைப் படிக்கும் தொலையுணர்வுப் பாடம் எடுத்தவர் போன பிறகுதான் அடி பலமாக விழுந்தது. எங்களிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஜி.ஐ.எஸ்., அதாவது கம்ப்யூட்டரில் வரைபடம் தயாரிக்கும் வேலையை நம்பி வருபவர்கள். சாஃப்ட்வேர் லைசென்சைப் புதுப்பிக்கவில்லை, லேப் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டன. நாங்கள் க்யூ-ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளை இறக்கி, சொந்த லேப்டாப்பில் போட்டு ஓட்டினோம். இதெல்லாம் சீனியர் வாயிலாக ஜூனியருக்குப் போகாமல் இருக்குமா? சேர்க்கை குறைந்தது. குறைந்த சேர்க்கையைக் காட்டி, காலியிடத்தை நிரப்பத் தேவையில்லை என்று கோப்பில் எழுதினார்கள்.

ஒரு வருடம் சேர்க்கை விளம்பரத்தில் எங்கள் படிப்பின் பெயரையே காணோம். அச்சுப் பிழை என்று நினைத்து செக்‌ஷனுக்குப் போனேன். கண்காணிப்பாளர் நல்ல மனுசன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "சார், போன வருசம் அட்மிஷன் கம்மின்னு நோட் போட்டுருக்காங்க. சிண்டிகேட் முடிவு பண்ற வரைக்கும் விளம்பரத்துல போட வேண்டாம்னு வாய்மொழி உத்தரவு. என்னைய எதுவும் கேக்காதீங்க." அந்த சிண்டிகேட், அதாவது ஆட்சிமன்றக் குழு, கூடியதோ சேர்க்கை எல்லாம் முடிந்த பிறகு. அந்த அஜெண்டா குறிப்பின் நகலைப் பின்னால் பார்த்தேன். "நடப்புக் கல்வியாண்டில் மேற்படி பாடப்பிரிவிற்கு விண்ணப்பங்கள் ஏதும் பெறப்படவில்லை" என்று ஒரே ஒரு வரி. துறையை மூடியதற்கு எழுத்தில் இருக்கும் காரணம் அவ்வளவுதான்.

சரி, மூடியதில் மிச்சம் எவ்வளவு? எஞ்சியிருந்த ஒரே பேராசிரியர் அதே சம்பளத்தில் சுற்றுச்சூழல் துறைக்கு மாறினார். அலுவலக உதவியாளர் தேர்வுப் பிரிவுக்குப் போனார். ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன் பொறுப்பு அப்படியே இருக்கிறது. எங்கள் வகுப்பறைகளுக்குப் புது ஏசி போட்டு, டேட்டா சயின்ஸ் என்று ஒரு சுயநிதிப் படிப்பு தொடங்கினார்கள். வெளியே போனது என்னையும் சேர்த்து இரண்டு கெஸ்ட் லெக்சரர்கள். எங்கள் தொகுப்பூதியம்தான் பல்கலைக்கழகத்துக்கு மிஞ்சியது.

இந்த இடத்தில்தான் உங்கள் அமெரிக்க உதாரணம் பொருந்தாமல் போகிறது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைத்தான் மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சுமார் 45 மில்லியன் டாலர் பற்றாக்குறை என்று சொல்லி, 2023 செப்டம்பரில் 28 படிப்புகளையும் 143 ஆசிரியர் இடங்களையும் வெட்டினார்கள். உலக மொழிகள் துறையின் பட்டப்படிப்புகள் எல்லாம் போயின. அது சரியா தப்பா என்பதை விடுங்கள், நிரந்தர ஆசிரியர்களையே வீட்டுக்கு அனுப்பியதால் அங்கே செலவாவது குறைந்திருக்கும். இங்கே நிரந்தரப் பணியில் இருப்பவரைத் துறை மூடியதற்காக அனுப்பிவிட முடியாது. அனுப்பச் சொல்லவும் இல்லை நான். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதியில் மூழ்கி, 2013இல் அரசு அதை எடுத்துக்கொண்டபோதும், உபரி ஊழியர்களை அரசுக் கல்லூரிகளுக்கும் மற்ற அலுவலகங்களுக்கும் பிரித்துத்தான் அனுப்பினார்கள். சம்பளம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறியது.

அப்படியானால் பணம் எங்கே போனது? ஊழல் என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் உண்டு. அதுவும் இருக்கலாம், எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நம் பல்கலைக்கழகங்கள் பல வருடம் வாழ்ந்தது இணைப்புக் கல்லூரிகள் கட்டும் கட்டணத்திலும் தொலைதூரக் கல்வியிலும்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் தொடங்கியபோது தென் மாவட்டங்கள் முழுக்க அதன் கையில் இருந்தன. 1990இல் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்ததும் நெல்லை, தூத்துக்குடி, குமரிக் கல்லூரிகள் அந்தப் பக்கம் போயின. பிறகு சிவகங்கையும் ராமநாதபுரமும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துக்குப் போயின. கல்லூரிகளோடு அவை கட்டும் கட்டணமும் போனது. தொலைதூரக் கல்வியில் வெளி மாநில மையங்களை நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. கையைக் கட்டியது. அதை நடத்தவே, கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பெண் 3.01 வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறுக்குள் இருக்க வேண்டும் என்று 2020இல் விதி வந்தது. ஆசிரியரே இல்லாத பல்கலைக்கழகத்துக்கு நாக் மதிப்பெண் எங்கிருந்து வரும்? இதற்கு நடுவில் கணக்குத் தணிக்கையில் எழுந்த ஆட்சேபங்களைக் காட்டி அரசு மானியத்தை நிறுத்தி வைக்கும். 2023, 24இல் மதுரையில் மாதக்கணக்காகச் சம்பளம் இல்லாமல் ஊழியர்கள் போராடியது செய்தித்தாளிலேயே வந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் கூத்து. 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகம். 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது, கேட்ட வரி 424 கோடி. காரணம் என்ன தெரியுமா? ஒரு கல்வி நிறுவனம் அரசுப் பணத்தில் நடக்கிறது என்று வரிவிலக்குப் பெற வேண்டுமானால், வரவில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருக்க வேண்டும். மாநில அரசின் பங்கு அதற்குக் கீழே போய்விட்டது என்றது வருமான வரித் துறை. அதாவது மானியத்தைக் குறைத்ததற்குத் தண்டனையாக, மானியம் குறைந்தவனிடமே வரி. இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துக்கொண்டு, பத்துப் பிள்ளைகள் படிக்கும் துறையை மூடி எதை அடைக்கப் போகிறோம்?

கெஸ்ட் லெக்சரர் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். 2019இல் யு.ஜி.சி. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்றது. 2024 வாக்கில்கூட அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளர்களுக்கே 25,000தான் தந்தார்கள், அதுவும் வருடத்தில் 11 மாதம். பல்கலைக்கழகத்தில் எங்கள் தொகை அதையும் எட்டவில்லை. இந்தச் சம்பளத்தில் பிஎச்.டி. முடித்தேன் பாருங்கள், அங்கே நடந்தது தனிக்கதை. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு லாட்ஜ், கார், துறை முழுவதற்கும் மதியச் சாப்பாடு, இலை போட்டு இனிப்போடு. யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பார்கள். "உங்க சீனியர் பிரியாணி போட்டான்" என்று மட்டும் சொல்வார்கள். என் மனைவி வளையலை வைத்துத்தான் அந்தச் சாப்பாடு போட்டேன். தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த விஷயம் இது, ஆனால் எழுதினால் மட்டும் எல்லோருக்கும் கோபம் வருகிறது. நல்ல வழிகாட்டிகள் இல்லையா? இருக்கிறார்கள், எல்லோரையும் சொல்லவில்லை. விடுங்கள்.

துறைக்கு வருவோம். "பத்துப் பேர் படிக்கும் துறையால் நாட்டுக்கு என்ன பிரயோஜனம்?" என்பதுதானே அடுத்த கேள்வி. எங்கள் துறையில் இரும்பு அலமாரிகள் இருந்தன, அகலமான தட்டை இழுப்பறைகளோடு. உள்ளே மத்திய அரசின் நில அளவை நிறுவனமான சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய, ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவிலான வரைபடங்கள், பின்புறம் துணி ஒட்டியவை, இழுத்தால் நாப்தலின் வாடை முகத்தில் அடிக்கும். பெரும்பாலும் தென் தமிழ்நாடு வரும் 58ஆம் எண் வரிசை. அவற்றின் மேல், களப்பணிக்குப் போன எங்கள் ஆசிரியர்கள் பென்சிலால் பொடி எழுத்தில் குறித்து வைத்திருப்பார்கள்: எந்தக் கண்மாயில் எந்த மடை தூர்ந்தது, வரத்துக்கால் எங்கே திரும்புகிறது, உபரித் தண்ணீர் வழியும் கலுங்குகளில் எதை உடைத்துவிட்டார்கள் என்று. ஒரு தடவை ஒரு கிராமத்திலிருந்து நான்கு பெரியவர்கள் ஒரு வக்கீலோடு வந்தார்கள். கண்மாயின் ஒரு மூலையில் பிளாட் போட்டுவிட்டான், நீர்ப்பிடிப்பே இல்லை என்று சாதிக்கிறான் என்றார்கள். ஷீட்டை விரித்ததும் அவர்களில் மூத்தவர் விரலை வைத்துக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே போய், "இந்தா, இதுதான் எங்க மேமடை" என்றார். வரைபடத்தில் தண்ணீரைக் காட்டும் நீல நிறம் அவர் காட்டிய இடத்தையும் தாண்டிப் போயிருந்தது. நகல் எடுத்துக்கொடுத்தோம். பணம் வாங்கவில்லை, வாங்கினால் எந்தக் கணக்கில் கட்டுவது என்றும் எங்களுக்குத் தெரியாது.

"எல்லாம் இப்போது ஆன்லைனில் இருக்கிறதே" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். சர்வே ஆஃப் இந்தியா 2017 முதல் வரைபடங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது, உண்மைதான். அவை 1:50,000 அளவிலான புதிய தாள்கள். எங்கள் ஆசிரியர்களின் பென்சில் எழுத்து எந்தத் தளத்தில் இருக்கிறது? டேட்டா சயின்ஸ் வந்ததும் அலமாரிகளைக் கீழ்த்தள வராந்தாவுக்கு நகர்த்தினார்கள். ஐப்பசி மழைச் சாரல் நேராக அடிக்கும் இடம் அது. ஸ்கேன் செய்யக் கேட்டு மனு கொடுத்தோம், நிதி இல்லை என்று பதில் வந்தது.

இதில் எனக்குத் தாங்காத விஷயம் ஒன்று உண்டு. ஜெர்மனியில் கொலோன் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறை 2020 வாக்கில் மூடப்படும் நிலைக்கு வந்தது. அங்கேயும் நிதி இல்லை, பேராசிரியர் ஓய்வு பெறுகிறார் என்பதுதான் சிக்கல். உலகத் தமிழர்கள் பணம் திரட்டினார்கள், தமிழ்நாடு அரசே ஒன்றேகால் கோடி ரூபாய் அளவில் கொடுத்தது. கொடுத்தது சரி, நானும் கைதட்டினேன். அங்கே எத்தனை பேர் தமிழ் படிக்கிறார்கள் என்று தலையை எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதே மாதிரி, 2023 மேயில் அண்ணா பல்கலைக்கழகம் தன் உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழி சிவில், மெக்கானிக்கல் படிப்புகளை நிறுத்துவதாக அறிவித்தது. காரணம் அதே குறைந்த சேர்க்கைதான். எதிர்ப்பு கிளம்பியதும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். தமிழ் என்றால் சத்தம் போட ஆள் இருக்கிறது. புவியியலுக்கும் தத்துவத்துக்கும் மொழியியலுக்கும் யார் இருக்கிறார்கள்?

எந்தத் துறையையும் எப்போதும் மூடவே கூடாது என்று சொல்பவன் இல்லை நான். ஒரே ஊரில் மூன்று இடத்தில் ஒரே படிப்பு, மூன்றிலும் ஆள் இல்லை என்றால் ஒன்றாக்குங்கள். எங்கள் துறையையே பக்கத்துப் பல்கலைக்கழகத் துறையோடு சேர்த்திருந்தால் அலமாரியை நானே லாரியில் ஏற்றியிருப்பேன். அதற்கு முன் ஐந்து வருடம் காலியிடங்களை நிரப்பிப் பார்த்தீர்களா, விளம்பரத்தில் பெயர் போட்டீர்களா என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

நீங்கள் பெற்றோர் என்ற என் ஊகம் சரியாக இருந்தால், மகனையோ மகளையோ ஒரு சின்னத் துறையில் சேர்க்கும் முன் அலுவலகத்தில் கேட்காதீர்கள், நேராகத் துறைக்குப் போங்கள். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களில் அடுத்த இரண்டு வருடத்துக்குள் ஓய்வு பெறுபவர்கள் யார் யார் என்று கேளுங்கள். லேப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சேர்த்த பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை பாடம் நடத்தப்படும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று யாராவது வாயால் சொன்னால், அவர் கெஸ்ட் லெக்சரரா நிரந்தரமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். நானும் ஒரு ஜூன் மாதம் அதையேதான் பெற்றோர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், மேலிடம் அப்படிச் சொல்லச் சொன்னது.