நண்பரிடம் வராத பேச்சு அந்நியரிடம் ஏன் வருகிறது?

"மணவாழ்க்கை ஏன் முறிந்தது என்பதைப் பதினெட்டு வருட நண்பரிடம்கூடச் சொன்னதில்லை. விமான நிலையத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எங்கள் நட்பு பொய்யா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பொய் இல்லை, அந்தக் கவலையை முதலில் விடுங்கள். அந்த ஆள் உங்களை மறுபடி பார்க்கப் போவதில்லை, உங்கள் முன்னாள் துணையையும் அவருக்குத் தெரியாது. நண்பரிடம் சொன்னால் நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும், அதுதான் தடுக்கிறது. ஜெர்மன் சமூகவியலாளர் கியார்க் சிம்மல் 1908-லேயே இதை எழுதிவிட்டார்: நெருங்கியவர்களிடம் மறைப்பதை அந்நியரிடம் பாவமன்னிப்பு கேட்பதுபோலச் சொல்கிறோம்.

ஆனால் அவர் உண்மையிலேயே வழிப்போக்கராக இருக்க வேண்டும். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் அந்நியர் இல்லை. நண்பரின் நண்பர் அந்நியர் இல்லை. உங்கள் எண்ணை வாங்கிக்கொண்டவர், நீங்கள் எழுதியதைப் படம்பிடித்து வைக்கக்கூடியவர், இவர்களும் இல்லை. எத்தனை முறை சொன்னாலும் இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

சிக் ரூபின் என்ற உளவியலாளர் விமான நிலையத்திலேயே செய்த ஓர் ஆய்வை 1975-ல் வெளியிட்டார். ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால் எதிரில் இருப்பவரும் பதிலுக்குத் திறக்கிறார். சோகத்துக்குச் சோகம் சொல்லியே ஆகவேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு கடன் உணர்வு வந்துவிடும், பணம் பறிப்பவர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். அறிமுகமாகி இரண்டாவது நாளே தன் வாழ்க்கையின் பெரிய காயத்தைச் சாட்டில் எழுதுகிறவரிடம் உங்கள் கதையைக் கொடுக்காதீர்கள். 'மன வழிகாட்டி' என்று தானே பெயர் வைத்துக்கொண்டு, முதல் பேச்சிலேயே உங்களை அழவைத்து, மாதக் கட்டணத் திட்டம் விற்பவர்களும் இந்த வகைதான். தகுதியான ஆலோசகரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது, எந்தப் படிப்பும் இல்லாதவரோ இன்றைக்கே காசு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். இதை இன்னும் எத்தனை காலம் அனுமதிப்பார்களோ, எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சரி, நண்பர் விஷயம். சொல்லாமலே அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், நெருங்கியவர் நம் பேச்சைச் சரியாகப் புரிந்துகொள்வார் என்று நம்பியவர்கள், அந்நியரிடம் பேசியதைவிட ஒன்றும் மேலாகப் புரியவைக்கவில்லை. முழுக் கதையையும் ஒரே நாளில் இறக்க வேண்டாம். சேர்ந்து நடக்கும்போது, முகம் பார்க்காமல், "நாங்கள் ஏன் பிரிந்தோம் என்று உன்னிடம் சொல்லணும், அறிவுரை வேண்டாம், கேட்டால் போதும்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.