கியூபெக்கில் பிடிபட்டால் ஒன்ராறியோவில் என்ன ஆகும்?

கோடை முடிந்ததும் எனக்கு வரும் கேள்விகளின் போக்கு மாறிவிடும். கலியாணம், தேர்த் திருவிழா, சொந்தக்காரர் வீடு என்று மொன்றியலுக்கும் நியூயோர்க்குக்கும் போய் வந்தவர்கள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். ஸ்காபரோவில் காப்புறுதித் தரகராக வேலை செய்கிறவள் என்பதால் இவற்றின் விளைவை என் மேசையில் அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதும் இதற்கே.

கேள்வி: வணக்கம் அக்கா. மகனுக்கு 20 வயது, ஜி2 சாரதி அனுமதிப்பத்திரம் (முழு அனுமதிப்பத்திரத்துக்கு முந்திய படி). போன மாதம் ஒரு கலியாணத்துக்கு மொன்றியல் போகும்போது அவன்தான் ஓட்டினான். கியூபெக் எல்லை தாண்டிக் கொஞ்ச நேரத்தில், கோட்டோ-டு-லாக் பக்கம், 100 போகவேண்டிய இடத்தில் 128 போனதாகப் பொலிஸ் டிக்கெட் எழுதிவிட்டது. "கியூபெக் டிக்கெட் இங்கே வராது, கிழித்துப் போடு" என்கிறார் மைத்துனர். "காசைக் கட்டினால் கதை முடிந்தது" என்கிறார் வேலையிடத்து நண்பர். காரும் காப்புறுதியும் என் பெயரில். யார் சொல்வது சரி? — ஸ்காபரோ வாசகர்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் பிழை, அண்ணா. மைத்துனர் சொல்வது கூடுதல் ஆபத்து.

ஒன்ராறியோவும் கியூபெக்கும் போக்குவரத்துக் குற்றங்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் செய்திருக்கின்றன. அங்கே குற்றவாளி என்று பதிவானால் அந்தத் தகவல் இங்கே வரும். எந்த மாகாணத்தின் கணக்கில் புள்ளி (குற்றத்துக்காகச் சாரதிப் பதிவில் சேரும் தண்டனைப் புள்ளி) போடுவார்கள் என்பதில்தான் பலருக்குக் குழப்பம். அனுமதிப்பத்திரம் தந்த மாகாணத்தின் கணக்குத்தான். மகன் 28 கிலோமீற்றர் கூடுதலாகப் போயிருக்கிறார். கியூபெக் அட்டவணையில் 21 முதல் 30 வரை 2 புள்ளிதான். ஆனால் ஒன்ராறியோ அட்டவணையில் 16 முதல் 29 வரை 3 புள்ளி. அவருக்கு விழப்போவது 3. இன்னும் இரண்டு கிலோமீற்றர் கூடியிருந்தால், 30 முதல் 49 வரைக்கான 4 புள்ளி விழுந்திருக்கும்.

முழு அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கு 15 புள்ளி சேர்ந்தால்தான் 30 நாள் இடைநிறுத்தம். ஜி1, ஜி2 காரருக்கு 9 புள்ளியே போதும், அதுவும் 60 நாள். உங்கள் மகனுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒரே பயணத்தில் போய்விடும். புள்ளிகள் குற்றம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டு நிற்கும், அதற்குள் எச்சரிக்கைக் கடிதமும் வரும்.

அந்த இடத்தில் நம்மவர்கள் அடிக்கடி அகப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 ஜூலையில், 16ஆம் இலக்க நெடுஞ்சாலைச் சந்தியிலிருந்து கியூபெக் எல்லை வரை ஒன்ராறியோவின் 401 நெடுஞ்சாலையின் வேக வரம்பு 110 ஆனது. எல்லையைத் தாண்டினால் வீதி அதேதான், பெயர் மட்டும் ஓட்டோரூட் 20 ஆகிறது, வரம்பு 100க்கு இறங்குகிறது. மணிக்கணக்காக ஒரே வேகத்தில் மிதித்து வந்த கால் அதை உணர்வதில்லை. இது நீதிமன்றத்தில் எடுபடும் நியாயம் அல்ல. அடுத்த முறை போகும்போது கோர்ன்வோல் தாண்டியதும் வேகமானியை ஒரு தடவை பாருங்கள்.

சரி, டிக்கெட்டை என்ன செய்வது? கியூபெக்கில் பதில் சொல்ல 30 நாள் தருவார்கள். முழுப் பணத்தையும் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம். உங்கள் நண்பர் சொல்லும் "முடிந்த கதை" உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. கட்டிய பிறகு "எனக்குத் தெரியாது" என்று மாற்றிக்கொள்வது மிகக் கடினம். பதிலே சொல்லாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகும், மேலதிகச் செலவும் சேரும், கட்டாத தண்டப்பணம் பின்னர் அனுமதிப்பத்திரத்துக்கே சிக்கலாகலாம். எதிர்ப்பதென்றால் 'குற்றவாளி அல்ல' என்று தபாலில் அனுப்பலாம். வழக்குத் தவணை பிறகு அறிவிக்கப்படும், அங்கேதான் போகவேண்டும்.

இதை அழுத்திச் சொல்கிறேன்: "எல்லா டிக்கெட்டையும் பார்த்துக்கொள்வோம்" என்று இங்கே விளம்பரம் செய்பவர்களிடம் கியூபெக் டிக்கெட்டைக் கொடுக்க முன், நீதிமன்றத்தில் யார் நிற்பார் என்று கேளுங்கள். ஒன்ராறியோவின் பாராலீகல் (வழக்கறிஞர் அல்லாத, உரிமம் பெற்ற சட்டப் பிரதிநிதி) உரிமம் கியூபெக் நீதிமன்றத்தில் செல்லாது. அங்கே ஆஜராக அந்த மாகாணத்து வழக்கறிஞர் வேண்டும். காசை வாங்கிக்கொண்டு படிவத்தை மட்டும் நிரப்பி அனுப்பியவர்களால் தவணையைத் தவறவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதில் பாதிக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் புதிதாக வந்தவர்கள், பிரெஞ்சுக் கடிதத்தை வாசிக்க முடியாதவர்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

இனிக் காப்புறுதி. நிறுவனங்கள் புள்ளியைப் பார்த்துக் கட்டணம் போடுவதில்லை, பதிவான குற்றங்களைப் பார்க்கின்றன. 28 கிலோமீற்றர் மிகை வேகம் 'சிறு குற்றம்' என்ற வகையில் வரும், கியூபெக்கில் நடந்தாலும் இங்கே நடந்தது போலவே. முதல் சிறு குற்றத்தைச் சில நிறுவனங்கள் பெரிதாக எடுப்பதில்லை. சில நிறுவனங்கள் குற்றமில்லாதவருக்கான கழிவை உடனே எடுத்துவிடும். இரண்டாவதில் கட்டணம் தெளிவாக ஏறும். அதற்கு மேல் போனால் புதுப்பிக்க மறுக்கும் நிறுவனங்களும் உண்டு. வேறு யாரும் எடுக்காதவருக்கு ஃபசிலிட்டி அசோசியேஷன் என்ற கடைசிக் கதவு இருக்கிறது, அங்கே கட்டணம் மலை.

கார் உங்கள் பெயரில் இருந்தாலும் டிக்கெட் மகனின் பதிவில்தான் ஏறும். ஆனால் உங்கள் காப்புறுதியில் அவர் சாரதியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் கட்டணத்தைக் கட்டப்போவது நீங்கள். இருபது வயதுக்காரரின் பங்கு ஏற்கெனவே பெரிது, அதன் மேல்தான் இது வரும். அதற்காக அவர் பெயரை எடுத்துவிட்டு, அவரே தொடர்ந்து காரை ஓட்டவேண்டாம். விபத்து நடந்தால் இழப்பீடே கிடைக்காமல் போகலாம். 'கடந்த 3 ஆண்டில் டிக்கெட் உண்டா' என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அவர்கள் எப்படியும் சாரதிப் பதிவை எடுத்துப் பார்ப்பார்கள்.

கேள்வி: அக்கா, பஃபலோ தாண்டி நியூயோர்க் துரூவே நெடுஞ்சாலையில் 65 மைல் வரம்பில் 80 மைல் போனேன். அமெரிக்க டிக்கெட்தானே, வராது என்று விட்டுவிடலாமா? — ஏஜாக்ஸ் வாசகி

பதில்: விடவேண்டாம், தங்கச்சி. ஒன்ராறியோ இப்படி உடன்பாடு வைத்திருக்கும் அமெரிக்க மாநிலங்கள் இரண்டு, நியூயோர்க்கும் மிச்சிகனும். நம்மவர்கள் அதிகம் ஓட்டிப் போவதும் இந்த இரண்டுக்கும்தான். 15 மைல் என்றால் ஏறத்தாழ 24 கிலோமீற்றர், இங்கே 3 புள்ளி. பதில் சொல்லாவிட்டால் அந்த மாநிலத்தில் ஓட்டும் உரிமையை நிறுத்திவிடுவார்கள். அது தெரியாமல் அடுத்த தடவை அங்கே ஓட்டிப் பிடிபட்டால் விடயம் டிக்கெட்டோடு நிற்காது.

நியூயோர்க் தன் கணக்கில் தனியாகவும் புள்ளி போடும். அங்கே 6 புள்ளி சேர்ந்தால், தண்டப்பணத்துக்கு மேலாக, ஆண்டுக்கு 100 அமெரிக்க டொலர் வீதம் 3 ஆண்டு கட்டச் சொல்வார்கள். வெளியூர்ச் சாரதிக்கும் இது உண்டு. டிக்கெட்டில் எந்த ஊர் நீதிமன்றம் என்று எழுதியிருக்கும். சிறிய ஊர் நீதிமன்றங்களில் குற்றச்சாட்டைக் குறைத்துத் தரும்படி கேட்க வழியுண்டு. அந்தப் பகுதி வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டணத்தையும் வாய்ப்பையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: மொன்றியலில் இருக்கிறேன், கியூபெக் அனுமதிப்பத்திரம். ஒன்ராறியோவில் கிங்ஸ்டன் பக்கம் ஓ.பி.பி. (ஒன்ராறியோ மாகாணப் பொலிஸ்) பிடித்தது. எனக்கும் இதே கதையா?

பதில்: அதே கதை, திசை மட்டும் வேறு. கியூபெக்கில் அனுமதிப்பத்திரம் வழங்கும் எஸ்.ஏ.ஏ.கியூ. உங்கள் பதிவில் கியூபெக் அட்டவணைப்படி புள்ளி போடும். உங்களுக்குப் புள்ளியே நேரடியாகப் பணமாகும், ஏனென்றால் அனுமதிப்பத்திரத்துக்குக் கட்டும் தொகை புள்ளிக்கேற்பக் கூடும்.

கேள்வி: கியூபெக் கமெரா பிடித்த டிக்கெட் தபாலில் வந்தது. புள்ளி உண்டா?

பதில்: இல்லை. கமெரா டிக்கெட் வாகனச் சொந்தக்காரருக்கு வருவது, ஓட்டியவர் யார் என்று அது பார்ப்பதில்லை. அதனால் புள்ளியும் இல்லை, காப்புறுதியிலும் தெரியாது. ஆனால் பணத்தைக் கட்டுங்கள்.

கேள்வி: அக்கா, பொலிஸ்காரர் நல்ல மனிதர். 130 போனதை 15 கிலோமீற்றர் கூடுதல் என்று குறைத்து எழுதினார். "புள்ளி இல்லை" என்றார், நானும் சந்தோஷமாகக் கட்டினேன். புதுப்பித்தல் கடிதத்தில் கட்டணம் ஏறியிருக்கிறது. புள்ளி இல்லாமல் எப்படி ஏறும்? — மார்க்கம் வாசகர்

பதில்: அவர் சொன்னது உண்மைதான், தம்பி. ஒன்ராறியோவில் 15 கிலோமீற்றர் வரை புள்ளி இல்லை. ஆனாலும் அது குற்றப்பதிவு. நீங்கள் பணத்தைக் கட்டிய அன்றே பதிவாகிவிட்டது. காப்புறுதி நிறுவனத்துக்கு 15ம் ஒரு சிறு குற்றம், 28ம் ஒரு சிறு குற்றம். அதிகாரி உங்கள் தண்டப்பணத்தையும் புள்ளியையும் குறைத்தார், காப்புறுதிப் பக்கத்தில் அவரால் எதையும் குறைக்க முடியாது.

இரண்டு கணக்குகள் வேறு வேறு நாளில் தொடங்குவதையும் கவனியுங்கள். புள்ளி, குற்றம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டு. காப்புறுதிக்காரர் பார்க்கும் பதிவு, தீர்ப்பான நாளிலிருந்து 3 ஆண்டு. வழக்கை இழுத்து இழுத்து ஓர் ஆண்டு கழித்துத் தோற்றால் புள்ளி சீக்கிரம் போய்விடும், காப்புறுதிக் கணக்கோ அன்றுதான் தொடங்கும். வெல்லக்கூடிய வழக்கா என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

உங்கள் கட்டணம் டிக்கெட்டால்தான் ஏறியது என்று உறுதியாக நம்பவேண்டாம். விலாசம் மாறியிருக்கலாம், கழிவு ஒன்று போயிருக்கலாம், நிறுவனமே எல்லோருக்கும் கூட்டியிருக்கலாம். தரகரிடம் காரணத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். சேர்விஸ் ஒன்ராறியோ என்ற அரச சேவை நிலையத்தில் 12 டொலருக்கு மூன்றாண்டுச் சாரதிப் பதிவு எடுக்கலாம். நிறுவனம் பார்ப்பதை நீங்களும் பார்க்கலாம். தீர்ப்புத் தேதி அதில் இருக்கும். 3 ஆண்டு முடியும் நாளை நாட்காட்டியில் குறித்துவைத்து, அதற்குப் பின்னான முதல் புதுப்பித்தலுக்கு முன் வேறு நிறுவனங்களிலும் விலை கேளுங்கள்.