பாலர் பள்ளியில் இனமும் நிறமும்: பெற்றோர் கேட்டவை

சிங்கப்பூரில் பாலர் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

கேள்வி: டீச்சர், நாலு வயசுப் பிள்ளைக்கு இனம், நிறமெல்லாம் புரியுமா? நாமே பேச்செடுத்துக் கிளறிவிட்ட மாதிரி ஆகிடாதா?

பதில்: நாம் பேச்செடுக்காவிட்டாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி 1940களில் மூன்று முதல் ஏழு வயதுவரையான கறுப்பினப் பிள்ளைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் காட்டி, எதனுடன் விளையாடப் பிடிக்கும் என்று கேட்டார்கள், பெரும்பாலோர் வெள்ளையைத்தான் காட்டினார்கள். யாரும் பாடம் நடத்தியா அது வந்தது?

கேள்வி: ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்கு மகளைப் பாவாடை சட்டையில்தான் அனுப்புறேன். அது போதாதா அக்கா?

பதில்: தாராளமாக அனுப்புங்கள். 1964இல் இங்கே நடந்த இனக் கலவரத்தை மறக்காமலிருக்க 1997 முதல் பள்ளிகளில் நடக்கிற நாள் அது. ஆனால் ஒரு நாள் உடுப்பு மீதி வருடத்துக்குக் காணாது. வகுப்புக்குள் போய்ப் பாருங்கள், கறுப்பாக ஒரு பொம்மையாவது இருக்கிறதா, கதைப் புத்தகத்தில் தமிழ்ப் பிள்ளை தீபாவளிக்கு மட்டும் வருகிறாளா, இல்லை சும்மா பல் தேய்க்கவும் மழையில் நனையவும் வருகிறாளா. என் வகுப்பில் முகம் வரையும்போது எல்லோரும் பீச் நிறக் கிரேயானைத்தான் ‘ஸ்கின் கலர்’ என்று கேட்பார்கள். அதனால் கிரேயானை எடுத்து வைத்துவிட்டுப் பழுப்பு, மஞ்சள், சிவப்பு, வெள்ளை பெயிண்ட்டைக் கொடுத்து, கலந்து கலந்து கையோடு ஒட்டிப் பார்த்து அவரவர் நிறத்தை அவரவரே கண்டுபிடிக்கச் சொல்வேன். மேசை நாசம்தான். “டீச்சர், நான் மைலோ!” என்று அந்தச் சாக்லேட் பானத்தின் பெயரைச் சொல்லி ஒன்று கத்தும், உடனே பக்கத்திலிருப்பதற்கும் மைலோவாக வேண்டும்.

கேள்வி: “நீ கறுப்பு, வராதே” என்று ஒரு பையன் என் மகளை ஆட்டத்தில் சேர்க்கவில்லை. ஆசிரியர் “எல்லாரும் ஃபிரெண்ட்ஸ்” என்று முடித்துவிட்டார்.

பதில்: அங்கேதான் கோட்டை விடுகிறோம். முதலில் உங்கள் மகளிடம் “அவன் சொன்னது தப்பு” என்று ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். பையனை அதட்டி மூலையில் உட்கார வைப்பதிலும் பயனில்லை. நிறத்தைச் சொல்லி யாரையும் ஒதுக்கக்கூடாது, அது இங்கே விதி என்று நேராகச் சொல்லி, தோலில் மெலனின் என்ற நிறப்பொருள் கூடக் குறைய இருப்பதால்தான் நிறம் மாறுகிறது என்று அவனுக்குப் புரியும்படி விளக்கலாம். இந்த வாரமே பள்ளியில் பேசுங்கள். அப்புறம், வீட்டில் “வெயிலில் ஆடாதே, கறுத்துடுவே” என்கிறவர் யாரென்றும் பாருங்கள்.

கேள்வி: கணவர் சீனர், நான் தமிழ். பிள்ளையை எந்த இனத்தில், எந்த மொழியில் சேர்ப்பது?

பதில்: 2011 முதல் இரண்டு இனத்தையும் சேர்த்தே பதியலாம். மொழிக்கு, கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் சீனம், மலாய், தமிழ் மூன்றும் உண்டு. வீட்டில் யார் பிள்ளையோடு அதிகம் பேசுகிறாரோ அவர் மொழியை எடுங்கள், மற்றதை வார இறுதியில் தாத்தா பாட்டி பார்த்துக்கொள்வார்கள்.